துப்பறியும் தொடருக்கான ரசிகர் கலைக்களஞ்சியம்: எதை, எந்த இடத்தில் சொல்வது? (விவாத இழை)

#1 நாகமலை வாசகி

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ தொடருக்காக நாம் தமிழில் எழுதிவரும் ரசிகர் கலைக்களஞ்சியத்தில் பதிவுகள் பெருகிவிட்டன. அவற்றை எந்த ஒழுங்கில் எழுதுவது என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. புதுநத்தம் சாலை நூலகத்தில் கூடும்போது பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. இங்கே எழுத்தில் பேசினால் வர முடியாதவர்களும் கலந்துகொள்ளலாம்.

இதை இப்போது கிளப்புவதற்குக் காரணம் இருக்கிறது. திருநகரில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். இரண்டாம் நாவலை ஏறத்தாழ முடித்துவிட்டார். அதில் மந்திரத்தால் தன் முகத்தை மறைத்துக்கொள்ளும் எதிரி ஒருவன் வருகிறான் அல்லவா? அவனைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறோமா என்று பார்க்க, நம் தளத்தின் தேடல் பெட்டியில் ‘முக’ என்று தட்டியிருக்கிறார். ‘முகமற்ற மனிதன்’ என்று கீழே பரிந்துரை விரிந்தது. தொட்டார். திறந்ததோ வேறோர் ஆளின் முழுப்பெயரைத் தலைப்பாகக் கொண்ட பக்கம். தலைப்பின் கீழே சின்ன எழுத்தில், ‘முகமற்ற மனிதன் என்பதிலிருந்து வழிமாற்றப்பட்டது’.

பதிவில் ஒரு வரியைக்கூட அவர் படிக்கவில்லை. ஆனால் ஆசிரியர் பென் ஆரோனோவிச் 2011இல் போட்டு 2016இல் வந்த ஆறாம் நாவலில் அவிழ்த்த முடிச்சு அந்தப் பெண்ணுக்கு ஒரு நொடியில் அவிழ்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. ‘பரவாயில்லை அக்கா’ என்றுதான் எழுதியிருந்தார். எனக்குத்தான் மனது ஆறவில்லை.

நாம் எழுதுவது பூச்சிகளைப் பற்றியோ கோள்களைப் பற்றியோ உள்ள கலைக்களஞ்சியம் இல்லை. இது துப்பறியும் தொடர். பேயும் நதித் தெய்வமும் வந்தாலும், ஒவ்வொரு நாவலின் முதுகெலும்பும் ஒரு காவல்துறை விசாரணைதான். இதில் ஒரு விஷயம் எப்போது தெரியவருகிறது என்பதும் அந்த விஷயத்தின் பகுதி. அதை எடுத்துவிட்டு வெறும் தகவலாக வைத்தால், பதிவு சரியாக இருந்தும் நூலுக்குத் துரோகம் செய்கிறது.

என் யோசனை இது. பாத்திரங்களைப் பற்றிய பக்கங்கள் எல்லாம் நாவல் வரிசையில் அமையட்டும். பக்கத்தின் தலைப்பு, அந்தப் பாத்திரம் முதலில் எந்தப் பெயரில் அறிமுகமாகிறதோ அந்தப் பெயராகவே இருக்கட்டும். வலப்பக்கத் தகவற்சட்டத்தில் ‘நிலை: உயிருடன் / இறந்தவர்’ என்ற வரியே வேண்டாம். பக்கத்தின் அடியில் தொங்கும் ‘இறந்த பாத்திரங்கள்’ என்ற பகுப்பையும் நீக்கிவிடலாம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 தெற்குமாசி வீதி

அக்கா, அந்த மாணவிக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் உங்கள் யோசனையை முழுதாக ஏற்க முடியவில்லை.

கலைக்களஞ்சியம் என்றால் தேடியது உடனே கிடைக்க வேண்டும். எட்டாம் நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் நாவலில் வந்த ஒருவர் திடீரென்று மறுபடி வருகிறார். யார் இவர் என்று பார்க்க வருகிறேன். அப்போது எனக்கு இரண்டு வரியில் விடை வேண்டும். நாவல் வாரியாக எட்டுப் பத்திகளை வாசித்துப் பொறுக்கி எடுக்கும் பொறுமை யாருக்கு இருக்கும்? முகப்புப் பக்கத்தில் ‘இங்கே கதை முழுவதும் சொல்லப்பட்டிருக்கும்’ என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வைத்தால் போதும். ஆங்கில ரசிகர் தளங்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன.

இன்னொன்று. நாவல் வரிசை என்கிறீர்கள். எந்த வரிசை? வெளிவந்த வரிசையா, கதை நடக்கும் வரிசையா? 2015இல் வந்த ‘பாடி வொர்க்’ படக்கதை, 2013இல் வந்த நான்காம் நாவலுக்கும் 2014இல் வந்த ஐந்தாம் நாவலுக்கும் இடையில் நடக்கிறது. 2021இல் வந்த, அபிகேல் என்ற சிறுமியைப் பற்றிய குறுநாவல், ஐந்தாம் நாவல் நடக்கும் அதே கோடையில் நடக்கிறது. 2024இல் வந்த நூல் 1920களின் நியூயார்க்கில் நடக்கிறது. இவற்றை எங்கே செருகுவீர்கள்?

#3 நாகமலை வாசகி

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை: வெளிவந்த வரிசைதான். நாயகனின் மந்திரக் குருவான நைட்டிங்கேல் 1920களில் இளைஞராக நியூயார்க் போய் வந்ததைச் சொல்லும் நூல், வாசகருக்கு அவரை ஏற்கெனவே நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. அதைக் காலவரிசைப்படி முதலில் வைத்தால், 2011இல் வந்த முதல் நாவலில் நாயகன் பீட்டர் கிராண்ட் அவரை முதன்முதலாகச் சந்திக்கும் காட்சியில் இருக்கும் மர்மம் கெட்டுவிடும். கதைக்குள் எந்த ஆண்டு என்பதைப் பதிவின் உள்ளே ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் கேள்வி கடினமானது. எட்டாம் நாவல் வாசகரும் நம் வாசகர்தான், இரண்டாம் நாவல் வாசகரும் நம் வாசகர்தான். ஆனால் இருவரில் ஒருவர் இழப்பதைத் திரும்பக் கொடுக்க முடியும். இன்னொருவர் இழப்பதைத் திரும்பக் கொடுக்க முடியாது. உங்களுக்குக் கொஞ்சம் நேரம்தான் போகும். அந்தப் பெண்ணுக்குப் போனது போனதுதான்.

மதுரையில் இந்த நூல்கள் எப்படிக் கைமாறுகின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒருவர் வாங்கிய பிரதி பலர் கைக்குப் போகிறது. பத்தாம் நாவல் 2025இல் வந்துவிட்டது, ஆனால் நம் குழுவில் மூன்றாவதில் நிற்பவர்களும் உண்டு. எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுத முடியாது.

#4 மேலமடை

எல்லோருக்கும் வணக்கம். நான் மாவட்ட நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் கொடுத்துத்தான் இந்தத் தொடரைப் படிக்கத் தொடங்கினேன். ஒரு விஷயத்தை இருவரும் விட்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

வழக்குக் கட்டில் எந்தத் தகவலும் தனியாக நிற்காது. அ.சா. 1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) சொன்னது, அ.சா. 2 சொன்னது, அரசுத் தரப்புச் சான்றாவணம் இன்னது என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இருக்கும். தீர்ப்பில் ‘எதிரி அன்று இரவு அங்கே இருந்தார்’ என்று ஒரு வரி இருந்தால், அதை யார் சொன்னார், எந்த ஆவணம் சொன்னது என்று கண்டுபிடித்துவிடலாம். நம் பதிவுகளில் அந்த அடையாளம் இல்லை.

இந்தத் தொடரின் தொடக்கமே அதுதானே? கோவென்ட் கார்டனில், இனிகோ ஜோன்ஸ் கட்டிய செயின்ட் பால் தேவாலயத்தின் தூண் முகப்புக்கு எதிரே, கொலை நடந்த இடத்தைக் குளிரில் காவல் காத்துக்கொண்டு நிற்கிறான் பயிற்சிக் காவலன் பீட்டர். நிக்கோலஸ் வால்பென்னி வந்து நடந்ததைச் சொல்கிறார். கண்ணால் கண்ட சாட்சி, ஆனால் செத்துப் பல காலம் ஆனவர். பேய் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற சிக்கலிலிருந்துதான் கதை கிளம்புகிறது. நானாக இருந்தால் அந்தச் சாட்சிக்கு வயது என்ன, முகவரி என்ன என்று எதை எழுதியிருப்பேன் என்று படிக்கும்போது யோசித்துக்கொண்டே இருந்தேன். சாட்சியத்தின் தரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் ஒரு நூலுக்கு, சான்று இல்லாமல் கலைக்களஞ்சியம் எழுதுவது தகாது.

நம் ‘மந்திரம்’ பதிவையே பாருங்கள். ‘மந்திரம் செய்தால் அருகில் உள்ள கைபேசி பாழாகும். இந்த மந்திர முறையை வகுத்தவர் ஐசக் நியூட்டன். மந்திரத்தின் அளவு ‘யாப்’ என்ற அலகால் அளக்கப்படுகிறது.’ மூன்றும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றும் ஒன்றா? கைபேசிச் சில்லு மணலாகப் போவதைப் பீட்டர் தன் சொந்தக் கைபேசியை இழந்து, பிறகு சோதனை செய்து பார்த்துக் கண்டுபிடிக்கிறான். அவனுடைய குருவுக்கே அது தெரியாது. நியூட்டன் செய்தி நைட்டிங்கேல் மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது. ‘யாப்’ என்பது டோபி என்ற நாய் எத்தனை முறை குரைக்கிறது என்பதை வைத்துப் பீட்டர் தானாக ஏற்படுத்திக்கொண்ட அளவு. ஒன்று சோதனை, ஒன்று பாரம்பரியம், ஒன்று ஒரு காவலனின் சொந்த ஏற்பாடு.

கதையைப் பெரும்பாலும் பீட்டர் தன் வாயாலேயே சொல்கிறான். நல்லவன், கவனம் மிக்கவன், ஆனால் எல்லாம் தெரிந்தவன் இல்லை. ஒரு நாவலில் அவன் நிச்சயமாகச் சொல்வது பிந்திய நாவலில் வேறு விதமாகத் தெரியவரலாம். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் மூன்று அடையாளம் வேண்டும்: எந்த நூல், எந்த அத்தியாயம், யார் சொன்னது. இதைச் செய்தால் அம்மா கேட்கும் நாவல் வரிசை தானாகவே அமைந்துவிடும்.

#5 தெற்குமாசி வீதி

ஐயா, ‘யார் சொன்னது’ என்பதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். இன்றிலிருந்தே அப்படித்தான் எழுதுவேன். அத்தியாய எண் போதும், பக்க எண் வேண்டாம். பிரிட்டனில் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ என்று வந்த அதே முதல் நாவல் அமெரிக்காவில் ‘மிட்நைட் ரயட்’ என்ற பெயரில் வந்தது. கைக்குக் கிடைத்த பதிப்பைப் படிக்கிறோம். பக்க எண் ஆளுக்கு ஆள் மாறும்.

#6 ஆரப்பாளையம்

நான் எழுதுவது கொஞ்சம் வேறு விஷயம், ஆனால் இந்த இழையில்தான் பேச வேண்டும்.

இந்தத் தொடரில் என்னைக் கட்டிப்போட்டவை ஆறுகள். தேம்ஸ் தாய் என்ற நதித் தெய்வம், டெடிங்டன் மதகுக்குக் கீழே அரசி. மதகுக்கு மேலே தேம்ஸ் தந்தை. அந்த எல்லை ஆசிரியரின் கற்பனை இல்லை. கடலின் ஏற்ற இறக்கம் தேம்ஸில் அதுவரைதான் எட்டும். 1858 கோடையில் லண்டனின் கழிவெல்லாம் ஆற்றில் கலந்து நாடாளுமன்றமே நாற்றம் தாங்க முடியாமல் திணறியது. அதன்பிறகுதான் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரத்தின் அடியில் பெரும் சாக்கடைகளைக் கட்டினார். நாவலில், அந்த நாற்ற ஆண்டில்தான் கிழவர் தேம்ஸ் நகரத்தைக் கைவிட்டு மேலே போகிறார். அவருடைய பிள்ளைகளான சிற்றாறுகள் செத்துப்போகின்றன. வரலாற்றை இப்படிக் கண்ணீரோடு திருப்பிச் சொல்ல முடியுமா என்று நான் அசந்துபோனேன்.

ஃபிளீட் ஆறு இன்றும் லண்டன் தெருக்களுக்கு அடியில் ஓடுகிறது. கிளார்க்கன்வெல் பக்கம் ரே தெருவில் ஓர் இரும்புக் கிராதியின் மேல் காது வைத்தால் தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும். வெஸ்ட்போர்ன் ஆற்றை ஒரு பெரிய இரும்புக் குழாய்க்குள் அடைத்து, ஸ்லோன் சதுக்க ரயில் நிலையத்தில் நடைமேடைக்கு மேலே கொண்டுபோகிறார்கள். கீழே நிற்கும் பயணிகளுக்கு அது ஒரு குழாய்தான்.

இதையெல்லாம் படிக்கும்போது நமக்குக் கிருதுமால் நதி நினைவுக்கு வராமல் இருக்குமா? நாகமலைப் பக்கம் தொடங்கி நம் ஊருக்குள்ளே புகுந்து, தெற்கே போய்க் குண்டாற்றில் சேரும் ஆறு. கூடலழகர் கோயில் புராணத்தில் இடம்பெற்ற ஆறு. எல்லீஸ் நகரிலும் கீரைத்துறையிலும் இன்று அதை யாரும் நதி என்று சொல்வதில்லை. வாய்க்கால் என்றுதான் சொல்கிறார்கள். எல்லீஸ் நகர்ப் பாலத்தில் நின்று பார்த்தால் கறுப்புத் தண்ணீர், ஓரத்தில் பிளாஸ்டிக் பைகள் சிக்கிய புதர், கரை வரை நெருங்கி வந்துவிட்ட வீட்டுச் சுவர்கள். அடைமழைக்காலத்தில் மட்டும் அது தன் பழைய அகலத்தைக் கேட்டு வருகிறது.

ஃபிளீட் பதிவில் கிருதுமாலைப் பற்றி ஒரு பத்தி சேர்க்க விரும்புகிறேன். மதுரை வாசகருக்கு அந்த ஒரு பத்தி போதும், லண்டனின் புதைந்த ஆறுகள் என்றால் என்னவென்று உடம்பில் உறைக்கும். ஆற்றைத் தெய்வமாகவும் ஒரு வழக்கில் ஒரு தரப்பாகவும் பார்ப்பது நமக்குப் புதிதா? ஆவணி தோறும் எங்கள் பகுதிப் புட்டுத்தோப்பில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா நடக்கிறதே, அங்கே வைகைதான் கரையை உடைத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் தொடங்கிவைக்கிறது.

#7 தெற்குமாசி வீதி

அண்ணன், நீங்கள் எழுதியது அருமை. ஆனால் ஃபிளீட் பதிவில் அதற்கு இடம் இல்லை. நாவலில் கிருதுமால் எங்கே வருகிறது? ஒருவர் கிருதுமாலைச் சேர்த்தால் இன்னொருவர் கூவத்தைச் சேர்ப்பார், வேறொருவர் நொய்யலைச் சேர்ப்பார். கடைசியில் ஃபிளீட்டைத் தேடி வந்தவர் தமிழ்நாட்டு நீர்நிலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்.

#8 ஆரப்பாளையம்

சுற்றிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? நாம் ஏன் தமிழில் எழுதுகிறோம்? ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே பெயர்த்து வைப்பதற்கு என்றால் எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

#9 உசிலம்பட்டி

நான் இங்கே இதுவரை எழுதியதில்லை. ஆங்கிலம் எனக்குச் சரளம் இல்லை. நாவலை ஒரு பக்கமும் உங்கள் பதிவுகளை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். அதனால் இந்த விவாதம் என்னைப் போன்றவர்களுக்குத்தான் மிகவும் முக்கியம். ஓர் உதவி கேட்கிறேன்.

ஆறுகள் எனக்குப் புரிகின்றன. புரியாமல் நான் திணறுவது காவல்துறைப் பதவிகளில். யார் யாருக்கு மேலே? ‘டிடெக்டிவ்’ என்று பெயருக்கு முன்னால் வந்தால் பதவி கூடியதா? லண்டனில் இரண்டு காவல்துறை இருப்பது போல வருகிறதே, அது எப்படி? இதை யாராவது எழுதினால், எனக்குக் கதை இன்னும் தெளிவாகும். நதித் தெய்வமான பெவர்லியைப் பற்றிய பக்கத்தை நான் திறப்பதே இல்லை. பின்னால் நடப்பதைச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

#10 மேலமடை

அம்மா, சுருக்கமாக இங்கேயே சொல்கிறேன், பிறகு பதிவாக விரித்து எழுதுகிறேன்.

கான்ஸ்டபிள், சார்ஜன்ட், இன்ஸ்பெக்டர், தலைமை இன்ஸ்பெக்டர், சூப்பரிண்டெண்டென்ட், தலைமை சூப்பரிண்டெண்டென்ட் என்று ஏறிக்கொண்டே போய் உச்சியில் ஆணையர். ‘டிடெக்டிவ்’ என்பது குற்றப் புலனாய்வுப் பணியில் இருக்கிறார் என்பதைக் காட்டும் அடைமொழி மட்டும். டிடெக்டிவ் இன்ஸ்பெக்டரும் சீருடை இன்ஸ்பெக்டரும் ஒரே படி. நைட்டிங்கேல் தலைமை இன்ஸ்பெக்டர் படியில் இருப்பவர். பீட்டர் அடிப்படியில் தொடங்குகிறான்.

லண்டனில் இரண்டு காவல்துறை இருப்பது உண்மை. 1829இல் ஏற்பட்ட பெருநகரக் காவல்துறை பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. நடுவில் ஒரு சதுர மைல் அளவே உள்ள பழைய ‘சிட்டி’ பகுதிக்குத் தனிக் காவல்துறை. நம் ஊரில் மாநகருக்கு ஆணையரும் மாவட்டத்துக்கு எஸ்.பி.யும் இருப்பதை நினைத்துக்கொண்டால் எல்லைப் பிரச்சினை விளங்கும். குற்றம் எந்தப் பக்கம் நடந்தது என்பதே ஒரு சண்டைக்குக் காரணமாகும்.

#11 பசுமலை

தளத்தின் தொழில்நுட்ப வேலைகளைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலில், மறைப்புப் பெட்டி என்ற யோசனையை யாரும் கொண்டுவர வேண்டாம். ‘காட்டு’ என்று அழுத்தினால் விரியும் பெட்டிக்குள் ரகசியத்தை வைத்தால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அந்த எழுத்து பக்கத்தின் உள்ளேதான் இருக்கிறது. கண்ணுக்கு மட்டும் மடித்து வைத்திருக்கிறோம். தளத்தின் தேடல் முடிவுகளில் பெட்டிக்குள் இருக்கும் வரியே துண்டாக வெளியே வந்து நிற்கும். கூகுளிலும் அப்படியே.

ரகசியம் கசியும் வழிகள் பக்கத்தின் உடலில் இருப்பதைவிட ஓரங்களில் அதிகம். தேடல் பரிந்துரை, வழிமாற்று அறிவிப்பு, அடியில் வரும் பகுப்புகள், படக்கோப்பின் பெயர், ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியலில் நாம் எழுதும் தொகுப்புச் சுருக்கம். ‘இவர் இறந்த அத்தியாயத்தைச் சேர்த்தேன்’ என்று சுருக்கம் எழுதினால், உள்ளே எவ்வளவு கவனமாக எழுதியும் பயன் இல்லை.

உருப்படியான வழி துணைப்பக்கங்கள். ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு முதன்மைப் பக்கம்; அதில் முதல் அறிமுகத்தில் தெரிவது மட்டும். அதன் கீழே ‘/2’, ‘/3’ என்று நாவல் எண்ணோடு துணைப்பக்கங்கள். எட்டாம் நாவல் வாசகர் நேராக ‘/8’ என்ற பக்கத்துக்குப் போகலாம்; அங்கே அதுவரை நடந்ததன் சுருக்கம் இரண்டு வரியில் மேலே இருக்கும். தெற்குமாசி அண்ணன் கேட்ட இரண்டு வரி விடை அதுதான். தேடல் பரிந்துரையில் துணைப்பக்கங்கள் வராமல் தடுக்க அமைப்பில் வழி இருக்கிறது.

‘முகமற்ற மனிதன்’ தனிப் பக்கமாகவே நிற்க வேண்டும். வழிமாற்று நீங்க வேண்டும். உண்மைப் பெயர் உள்ள பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு இணைப்பு இருக்கலாம். இங்கிருந்து அங்கே இணைப்பு ‘/6’ துணைப்பக்கத்தில் மட்டும்.

இரண்டாவது விஷயம் உரிமை பற்றியது. சில பதிவுகள் ஆங்கில ரசிகர் தளத்தின் பத்திகளை வரிக்கு வரி பெயர்த்தது போல் இருக்கின்றன. அத்தகைய தளங்கள் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை. எடுத்தாளலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், நாமும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். நாவலின் வாசகங்களோ அப்படி இல்லை. ஹாரி பாட்டர் ரசிகர் ஒருவரின் இணையக் களஞ்சியத்தை அச்சு நூலாக்கப் போனபோது ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸும் வழக்குத் தொடுத்தார்கள். 2008 செப்டம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அந்த நூலைத் தடுத்தது. ரசிகர்கள் துணைநூல் எழுதுவதே தவறு என்று நீதிபதி சொல்லவில்லை. ஆசிரியரின் சொந்த வாசகங்களைத் தேவைக்கு மேல் அள்ளிக்கொண்டதுதான் பிரச்சினை ஆனது. திருத்தி எழுதிய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. நம் பதிவுகளில் நம் சொந்த வாக்கியங்களே இருக்கட்டும்.

#12 தெற்குமாசி வீதி

துணைப்பக்கம் என்றால் எனக்குச் சம்மதம். ‘/8’ பக்கத்தில் அந்தச் சுருக்கம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. எல்லா உதிரிப் பாத்திரங்களுக்கும் இது வேண்டாம். ஒரே நாவலில் வந்து போகும் சாட்சிக்கு ஒரு பக்கம் போதும்.

#13 நாகமலை வாசகி

பசுமலைத் தம்பிக்கு நன்றி. இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆரப்பாளையம் அண்ணன் சொன்னதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ‘ஏன் தமிழில் எழுதுகிறோம்’ என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தத் தொடரின் பலமே உண்மையான ஒரு நகரத்தின் மேல் அது நிற்பதுதான். பீட்டர் ஒரு கட்டடத்தைக் கடந்தால் அதைக் கட்டியவர் யார் என்று சொல்லாமல் கடக்க மாட்டான். லண்டனைத் தெரிந்த வாசகருக்கு அந்த நகரம் தானாகவே கண்முன் வந்து நிற்கும். நமக்கு அதை யாராவது எடுத்துக் காட்ட வேண்டும். ஆங்கிலத் தளத்தில் தேவைப்படாத ‘பின்புலம்’ என்ற பகுதி நமக்கு ஒவ்வொரு பதிவிலும் தேவைப்படுகிறது.

அதில் கறாராக இருப்போம். கதையில் வருவது ஒரு பக்கம், மெய்யான லண்டன் ஒரு பக்கம். இரண்டும் கலக்கக் கூடாது. நியூட்டன் மந்திர முறையை வகுத்தார் என்பது கதை. நியூட்டன் ரசவாதத்தில் ஆழ்ந்து ஏராளமாக எழுதி வைத்திருந்தார், அந்தக் கையெழுத்துப் படிகள் 1936இல் ஏலத்துக்கு வந்தன, பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் அவற்றில் பலவற்றை வாங்கிச் சேர்த்தார் என்பது வரலாறு. இரண்டாவதைத் தெரிந்துகொண்டவருக்கு முதலாவதின் சுவை கூடும். இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்தால் இரண்டும் கெடும்.

கிருதுமால் இந்த இரண்டிலும் சேராது. அதற்குத் தளத்தில் ‘கட்டுரைகள்’ என்று தனி வெளி தொடங்கலாம், எழுதியவர் பெயரோடு. ஃபிளீட் பதிவின் பின்புலத்தின் அடியில் அந்தக் கட்டுரைக்கு ஓர் இணைப்பு. விரும்பியவர் போய்ப் படிக்கட்டும்.

மாதிரிக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன். எல்லோரும் கத்தியோடு வாருங்கள்.

*டைபர்ன் (முதன்மைப் பக்கம்)*

*முழுப்பெயர் செசிலியா டைபர்ன் தேம்ஸ். தேம்ஸ் தாயின் மகள்களில் மூத்தவர்களுள் ஒருவர். ‘லேடி டை’ என்று அழைக்கப்படுகிறார். அதிகாரத்தில் இருப்பவர்களோடு நெருக்கம் உடையவர். இங்கிலாந்தின் மந்திர விவகாரங்களை ஃபாலி என்ற மந்திரக் காவல் பிரிவு இப்போது நடத்திவரும் முறையில் அவருக்கு உடன்பாடில்லை. [நூல் 1, நேரடிக் காட்சியும் பீட்டரின் கூற்றும்]*

*பின்புலம்: டைபர்ன், ஹாம்ப்ஸ்டெட் மேட்டுப் பகுதியில் தோன்றி, மேரில்போன், மேஃபேர் வழியாகத் தேம்ஸை நோக்கி ஓடிய சிற்றாறு. இன்று அதன் நீர் நிலத்தடிச் சாக்கடைகளுக்குள் ஓடுகிறது. அதே பெயர் கொண்ட தூக்குமரம் இன்றைய மார்பிள் ஆர்ச் அருகே இருந்தது. அங்கே கடைசியாகத் தூக்கிலிட்டது 1783இல்.*

#14 மேலமடை

‘நெருக்கம் உடையவர்’ என்பதை யார் சொல்கிறார்கள்? காட்சியிலேயே தெரிகிறதா, பீட்டர் அப்படி நினைக்கிறானா? அடைப்புக்குறியில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் தெரியவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனியாக வேண்டும், அத்தியாய எண்ணோடு. மற்றபடி நன்றாக இருக்கிறது. ஆறாம் நாவலின் தலைப்பே அந்தத் தூக்குமரத்தைக் குறிப்பது. அதைப் பின்புலத்தில் சொல்லலாம், ரகசியம் எதுவும் உடையாது.

#15 ஆரப்பாளையம்

கட்டுரைப் பகுதி எனக்குப் போதும். பெயர் போட்டு எழுதுவதில் மகிழ்ச்சிதான். நான் சொல்வதற்கு நானே பொறுப்பு. ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த இணைப்பு பதிவின் அடியில் கண்ணில் படாத இடத்தில் இருக்கக் கூடாது. கிருதுமாலைத் தொலைத்தது போதும்.

ஃபிளீட், எஃப்ரா, வால்புரூக் மூன்றின் பின்புலத்தையும் நானே எழுதுகிறேன். பெவர்லி புரூக் மற்றவை போலப் புதையவில்லை. இன்றும் வெளிச்சத்தில், ரிச்மண்ட் பூங்கா வழியாக ஓடுகிறது. அந்த வேறுபாடு நம் பதிவில் இல்லை, சேர்க்க வேண்டும். அதன் முதன்மைப் பக்கத்தை உசிலம்பட்டி அம்மா பயமில்லாமல் திறக்கும்படி எழுதித் தருகிறேன்.

#16 உசிலம்பட்டி

நன்றி. எழுதி முடித்ததும் நான் முதலில் படித்துப் பார்க்கிறேன். நான் நான்காம் நாவலில் இருக்கிறேன். எனக்குத் தெரியாத எதுவும் அந்தப் பக்கத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

#17 பசுமலை

இதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. ஒவ்வொரு முதன்மைப் பக்கத்தையும் வெளியிடுவதற்கு முன், அந்த நாவலைத் தாண்டாத ஒருவர் படித்துப் பார்க்கட்டும். திருநகர் மாணவியிடமும் கேளுங்கள் அக்கா, இரண்டாம் நாவல் வரைக்கும் அவர் பார்க்கலாம். இனி வரும் நாவல்களை அவர் படிப்பதற்கு நாமே துணையாக இருக்க முடியும்.

வழிமாற்றை இன்று இரவே நீக்குகிறேன். துணைப்பக்கத்துக்கான வார்ப்புருவை (மாதிரிப் படிவத்தை) மணல்தொட்டியில், அதாவது சோதனைப் பக்கத்தில், வைக்கிறேன். நூல், அத்தியாயம், யார் சொன்னது என்ற மூன்று கட்டங்களையும் நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி செய்ய முயல்கிறேன். ‘இறந்த பாத்திரங்கள்’ பகுப்பில் இருக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் எடுக்க வேண்டும், அதற்கு இன்னொரு கை தேவை.

#18 தெற்குமாசி வீதி

நான் வருகிறேன். பட்டியலின் அடியிலிருந்து தொடங்குகிறேன், நீங்கள் மேலிருந்து வாருங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் ‘பகுப்பு நீக்கம்’ என்று மட்டும் எழுதுவோம்.